அம்மாவுக்கு 68 வயது, நடந்தால் போதாதா? வயதானவர்களின் எடைப் பயிற்சியும் மனசும்

கேள்வி: ஓசூரிலிருந்து ஒரு வாசகர், ஜூன் 4

அம்மாவுக்கு 68 வயது. அப்பா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. ஊரில் தனியாக இருக்கிறார். எதிலும் பிடிப்பில்லை, ராத்திரி தூக்கம் சரியில்லை, கோயிலுக்குக்கூடப் போவதில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார், தினமும் நடக்கிறார். இப்போது என் தங்கை "எடைப் பயிற்சி செய்ய வை, மனசுக்கும் நல்லது" என்கிறாள். முட்டிவலி இருப்பவரை டம்பெல் தூக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நடை போதாதா? எடைக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?

ஜூன் 4, இரவு 9.10

போதாது தம்பி. நடையை விட வேண்டாம், சுகருக்கும் இதயத்துக்கும் அது நல்லது. ஆனால் வயதாகும்போது அதிகம் கரைவது சட்டென்று எழுவதற்கும், படி ஏறுவதற்கும், தடுக்கினால் காலை ஊன்றித் தப்பிப்பதற்கும் உதவுகிற வேகத் தசைநார்கள். சமதரையில் எத்தனை தூரம் நடந்தாலும் அவற்றின் மேல் பாரம் விழுவதில்லை. முப்பது வயதைத் தாண்டினால் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. தசையின் அளவைவிட பலம் இன்னும் சீக்கிரமாகப் போய்விடுகிறது.

அம்மா கோயிலுக்குப் போகாததற்கு மனசுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அந்தக் கோயிலில் எத்தனை படி? கைப்பிடி இருக்கிறதா? பிரகாரத்தில் உட்கார்ந்தால் தானாக எழ முடிகிறதா? இதைக் கேட்டுப் பாருங்கள். எனக்கு 66 வயது, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், மதுரை. எங்கள் வீட்டுக்காரர் போன பிறகு நான் துக்க வீடுகளுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். பாவம், மனசு தாங்கவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அங்கே பாயில் உட்கார வேண்டும், எழுந்திருக்க யாராவது இரண்டு கையையும் பிடித்து இழுக்க வேண்டும், அத்தனை பேர் முன்னால். அதற்குத்தான் போகவில்லை. வெளியே போகாமல் வீட்டிலேயே அடைந்து கிடந்ததும், நீங்கள் சொல்கிற அந்தப் பிடிப்பின்மை தானாக வந்தது.

ஜூன் 5, காலை 6.30

நேற்று பாதிதான் எழுதினேன். சம்பந்தம் என்ன என்று கேட்டீர்கள் அல்லவா.

சிட்னியில் நளின் சிங் என்ற முதியோர் மருத்துவரும் அவர் குழுவும் 2005-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அறுபது வயதைத் தாண்டிய, மனச்சோர்வு இருக்கிறது என்று உறுதிசெய்யப்பட்ட 60 பேர். மூன்று குழு. ஒரு குழு தன்னால் ஒரு தடவை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 80 சதவீதத்தைத் தூக்கியது. இன்னொன்று அதே கருவிகளில் 20 சதவீதம் மட்டும். மூன்றாவது குழுவுக்கு வழக்கமான டாக்டர் கவனிப்பு. வாரம் மூன்று நாள், எட்டு வாரம். முடிவில் மனச்சோர்வு மதிப்பெண் பாதியாகக் குறைந்தவர்கள்: கனமாகத் தூக்கிய குழுவில் 61 சதவீதம், லேசாகத் தூக்கிய குழுவில் 29, டாக்டர் கவனிப்பில் 21.

அந்த 29-ஐக் கவனியுங்கள். அவர்களும் அதே இடத்துக்கு வந்தார்கள், அதே ஆட்களோடு பேசினார்கள், அதே அசைவுகளைச் செய்தார்கள். எடை மட்டும்தான் குறைவு. அதனால்தான் வயதானவர்கள் கையில் அரைக் கிலோ டம்பெல்லைக் கொடுத்து உட்கார வைப்பதைப் பார்த்தால் எனக்கு ஆறுவதில்லை. நான் முதலில் போன ஜிம்மில் அதைத்தான் செய்தார்கள். ரோஜா நிறத்தில் இரண்டு டம்பெல். "ஆன்ட்டி, இதை மெதுவா ஆட்டிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வேறு பக்கம் போய்விட்டார்.

ஜூன் 5, மதியம் 1.15

80 சதவீதத்தை வீட்டில் எப்படிக் கணக்குப் போடுவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்கே வேண்டாம். எட்டுத் தடவை தூக்கி முடித்ததும் "இன்னும் ரெண்டு தடவை வேணும்னா முடியும், அதுக்கு மேல முடியாது" என்று தோன்றினால் அதுதான் உங்களுக்கான எடை. இருபது தடவை பேசிக்கொண்டே தூக்க முடிந்தால் அது லேசு. முதல் சில வாரம் லேசிலேயே இருக்கலாம், மூட்டும் தசைநாணும் பழக வேண்டும். அங்கேயே நின்றுவிடக் கூடாது.

ஜூன் 7, இரவு 10.05

"உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் அக்கா" என்றார் ஒருவர். எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முட்டிவலிக்காகப் போன இடத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண், என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். எழ முடியவில்லை. உடம்பை முன்னால் சாய்த்து, கைப்பிடியைத் தேடி, மறுபடி பொத்தென்று உட்கார்ந்தேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியில் இரண்டு தலையணையைப் போட்டு உயரமாக்கி, "இப்போ எழுங்க மேடம்" என்றார். எழுந்தேன். "இதான் உங்க ஆரம்பம். ஒவ்வொரு தலையணையா எடுப்போம்."

முதல் தலையணை போயிற்று. இரண்டாவதும் போயிற்று. அப்புறம் வெறும் நாற்காலி. அதுவும் சுலபமானதும், அரிசி வாங்குகிற ஐந்து கிலோ பை ஒன்றை நெஞ்சோடு கட்டிக்கொண்டு எழச் சொன்னார். பொன்னி அரிசி, பையின் வாயை இறுக்கி முடிந்து, அதன் மேல் பழைய தலையணை உறை ஒன்று மாட்டியிருக்கிறேன். பை நழுவாமல் இருக்க இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். குதிகால் தரையை அழுத்தும்போது தொடையின் முன்பக்கம் இறுகுவது தெரியும். எழுந்து நின்றதும் பிட்டத்தை ஒரு நொடி இறுக்கி, மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக உட்கார வேண்டும். பொத்தென்று விழுந்தால் கணக்கில் சேராது என்பது அந்தப் பெண்ணின் சட்டம். இப்போது பத்துக் கிலோ. அந்தப் பையை மட்டும் உலையில் போட்டுவிடாதே என்று மருமகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "பாட்டி எக்சர்சைஸ் அரிசியில் பொங்கல் வைத்தால் பலம் வருமா" என்று பேரன் கேட்கிறான்.

மனசில் என்ன மாறியது? சந்தோஷம் பொங்கியதெல்லாம் இல்லை. அவர் இல்லாத வருத்தம் அப்படியேதான் இருக்கிறது. முதலில் மாறியது தூக்கம். பயிற்சி செய்த அன்று ராத்திரி விழிப்பு குறைந்தது. அடுத்து பயம் குறைந்தது. குளியலறைக்குப் போகும்போது சுவரைத் தடவுகிற பழக்கம் எப்போது நின்றது என்றே எனக்குத் தெரியாது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அறுபதுக்கு மேல் நம்மிடம் வருகிற செய்தி எல்லாம் இறங்குமுகமாகவே இருக்கும். கண்ணாடி பவர் ஏறுகிறது, மாத்திரை கூடுகிறது, கூடப் படித்தவர்களில் ஒருவர் குறைகிறார். அப்படி இருக்கும்போது ஒரு மாதம் ஐந்து கிலோ, அடுத்த மாதம் ஏழு கிலோ என்றால் என்ன அர்த்தம்? என் உடம்பில் ஒன்றாவது மேலே போகிறது. யாரும் ஆறுதலுக்காகச் சொன்னது இல்லை, பையை எடை மெஷினில் வைத்துப் பார்த்தால் தெரிகிற விஷயம்.

ஜூன் 8, காலை 7.00

"பிபி உள்ளவர்கள் தூக்கினால் மூளை நரம்பு வெடிக்கும், ஏன் ஆபத்தானதைப் பரப்புகிறீர்கள்" என்று மேலே ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அவர் கவலை நியாயம். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். அதனால் தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், இறக்கும்போது உள்ளே இழுக்க வேண்டும். வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்கவே முடியாது, நான் அப்படித்தான் செய்கிறேன். பிபி கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், நெஞ்சுவலி வந்துபோகிறவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், சமீபத்தில் கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள், இவர்கள் எல்லாம் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும். எலும்புத் தேய்மானம் (எலும்பின் அடர்த்தி குறைவது) உள்ளவர்கள் எடையோடு முதுகை வளைத்துக் குனியவே கூடாது.

அதற்காக எலும்பு தேய்ந்தவர்களுக்கு எடையே ஆகாது என்றும் இல்லை. ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை வைத்து லிஃப்ட்மோர் என்ற ஆய்வு நடந்தது, 2018-இல் வெளியானது. பாதிப் பேர் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், நன்றாகக் கனமான எடையைப் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கத் தூக்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. காயம் என்று பார்த்தால் ஒருவருக்குக் குறுக்குப் பிடிப்பு, அவ்வளவுதான். பயிற்சியாளர் பக்கத்தில் நின்றார் என்பதை மறக்காதீர்கள்.

ஜூன் 9, இரவு 8.40

ஜூன் 7-இல் "எடை ஏறுவதுதான் மனசைத் தூக்குகிறது" என்கிற மாதிரி எழுதியிருந்தேன். அதைப் பற்றி இன்று முழுக்க யோசனை.

சிட்னி ஆய்வு அதற்குத் துணை நிற்கிறது. யாருக்குப் பலம் அதிகம் கூடியதோ அவர்களுக்கே மனச்சோர்வு அதிகம் குறைந்தது என்று அதில் இருக்கிறது. ஆனால் 2018-இல் அயர்லாந்தைச் சேர்ந்த கார்டன் குழு 33 ஆய்வுகளை, மொத்தம் 1,877 பேரைச் சேர்த்துப் பார்த்தது. எடைப் பயிற்சி மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைக்கிறது என்றுதான் அங்கேயும் விடை. ஆனால் பலம் எவ்வளவு கூடியது என்பதற்கும் மனசு எவ்வளவு தெளிந்தது என்பதற்கும் அங்கே தொடர்பு தெரியவில்லை. பலம் பெரிதாகக் கூடாதவர்களுக்கும் பலன் இருந்தது.

அந்த 33-இல் இளையவர்களும் உண்டு. இருபத்தைந்து வயதுக்காரருக்குப் பத்துக் கிலோ கூடுவது வாழ்க்கையை மாற்றாது, எழுபதில் இரண்டு கிலோ கூடினால் குடத்தைத் தானே இறக்கி வைக்கலாம். அதனால் முதியவர்களுக்கு அந்தத் தொடர்பு இருக்கும் என்றே இன்னமும் நினைக்கிறேன். ஆனாலும் கார்டன் குழுவின் கணக்கை ஒதுக்கவும் மனம் வரவில்லை. எங்கள் தெருவில் என்னோடு சேர்ந்த ஒரு அம்மாவுக்கு, ருமட்டாய்டு மூட்டுவலி, தூக்கும் எடை கூடவே இல்லை. நான்கு கிலோவிலேயே நிற்கிறார். ஆனால் வராமல் இருப்பதில்லை, முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு எது வேலை செய்கிறது? சிரமமான ஒன்றைத் தானே வலிய எடுத்துச் செய்து முடிப்பது, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. வீட்டில் அவரை ஒரு டம்ளர் கழுவ விடுவதில்லை. எங்களோடு இருக்கும் அரை மணி நேரம்தான் அவரிடம் யாராவது "இன்னும் ஒண்ணு, முடியும்" என்று சொல்கிற நேரம்.

ஆக, உங்கள் அம்மாவுக்குத் தூக்கும் எடை ஏறவில்லை என்றால் பயன் இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

ஜூன் 9, இரவு 9.25

ரசாயனக் காரணம் கேட்டவருக்கு: உண்டு. 2014-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு எனக்குப் பிடித்தது. மன அழுத்தத்தின்போது உடம்பில் கைனூரெனின் என்ற பொருள் கூடுகிறது, அது மூளைக்குள் போய்த் தொல்லை தருகிறது. பயிற்சி பெற்ற தசை அதை வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது, அந்தப் பொருளால் மூளைக்குள் நுழைய முடியாது. தசை வெறும் தூக்குகிற கருவி இல்லை, கல்லீரல் மாதிரி அதுவும் சுத்தம் செய்கிற வேலை பார்க்கிறது. எலியில் பார்த்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஜூன் 11, காலை 6.50

ஞாபக மறதிக்கு நல்லதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மறதி நோய் வந்துவிட்டால் டம்பெல் அதைத் திருப்பிவிடாது. யாராவது அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கவனத்துக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் டெரசா லியூ-ஆம்ப்ரோஸ் குழு 65 முதல் 75 வயதுப் பெண்கள் 155 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்தது. 2010-இல் முடிவு வந்தது. சிலர் வாரம் ஒரு நாள் எடைப் பயிற்சி, சிலர் இரண்டு நாள், மற்றவர்கள் உடலை நீட்டி மடக்குவதும் சமநிலைப் பயிற்சியும் மட்டும். சோதனை வேடிக்கையானது: 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் அச்சடித்துக் காட்டுவார்கள், சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். பேரனோடு உட்கார்ந்து செய்து பாருங்கள், வாய் தானாகச் 'சிவப்பு' என்றுதான் வரும். எடை தூக்கிய இரண்டு குழுவும் இதில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்னேறின, மற்றவர்கள் இருந்த இடத்திலேயே நின்றார்கள். வாரம் ஒரே ஒரு நாள் செய்தவர்களுக்கும் பலன் இருந்தது என்பதைச் "நேரமில்லை" என்பவர்கள் குறித்துக்கொள்ளவும்.

ஜூன் 12, மாலை 5.30

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்றவருக்கு. கர்லாக்கட்டை யாருடையது? தண்டாலும் பஸ்கியும்? தென்மாவட்டத்து ஊர்களில் இளவட்டக்கல் இன்னும் கிடக்கிறது. அதெல்லாம் இளவட்டங்களுக்குத்தானே என்று அடுத்த கேள்வி வரும். பொள்ளாச்சிக் கிட்டம்மாள் பாட்டி 2024-இல் 82 வயதில் போட்டிக்குப் போய் 50 கிலோ டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் எடையை நிமிர்ந்து தூக்குவது) செய்தார், செய்தியில் வந்ததே. எல்லோரும் 50 கிலோ தூக்கச் சொல்லவில்லை. வயதைக் காட்டி யாரும் தடுக்க வேண்டாம் என்கிறேன்.

வயது என்று வந்தால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1990-இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆன பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்குக் கனமான பயிற்சி கொடுத்தார். சராசரியாக 174 சதவீதம் பலம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டார்கள். தொண்ணூறு வயதில், முதியோர் இல்லத்தில்! இதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜூன் 14, இரவு 9.50

ஒரு தங்கை தனிச்செய்தியில் எழுதியதைப் பார்த்துப் பயந்துபோனேன், அதனால் பொதுவாகவே எழுதுகிறேன். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயிற்சி தொடங்கியதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. குறைப்பதா வேண்டாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சாப்பாடு இறங்கவில்லை, ஆள் மெலிகிறார், "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு அடிக்கடி வருகிறது என்றால் அரிசிப் பையை அப்புறம் பார்க்கலாம், முதலில் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வயதானால் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று விட்டுவிடக் கூடாது. உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலேயே பேசலாம். தம்பி, உங்கள் அம்மாவிடமும் இதைக் கேட்டுவிடுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

ஜூன் 16, காலை 11.20

சாப்பாடு. ராத்திரி இரண்டு இட்லி, காலையில் கஞ்சி, நடுவில் டீயும் ரஸ்க்கும் என்று இருந்தால் தசை எதிலிருந்து வளரும்? பயிற்சி செய்கிற முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. முட்டை ஒன்றில் ஆறு கிராம். சுண்டல், பயறு, தயிர், பனீர், மீன், எது ஒத்துக்கொள்கிறதோ அது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. சத்து பவுடர் டப்பா வாங்கிக் கொடுத்து வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு: அதே பாஸ்டன் மருத்துவர் 1994-இல் நூறு பேரை வைத்துப் பார்த்தார். பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை.

ஜூன் 21, இரவு 8.15

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். கோயிலில் பதினேழு படியாம், கைப்பிடி கிடையாதாம். அம்மா "பக்கத்து வீட்டுக்காரி வந்தால் நானும் செய்கிறேன்" என்றாராம். உடனே சரி சொல்லுங்கள். இரண்டு பேர் என்றால் ஒருவருக்கு அலுப்பு வரும் அன்று இன்னொருவர் கதவைத் தட்டுவார்.

தொடக்கத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் போதும், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு. உலக சுகாதார நிறுவனமும் தசைப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாளாவது வேண்டும் என்கிறது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து எழட்டும். முட்டி வலித்தால் தலையணை வைத்து உயர்த்துங்கள், வலி மறுநாளும் இருந்தால் இன்னும் உயர்த்துங்கள். சுவரில் கையை ஊன்றித் தண்டால். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழுவது. கடைசியாக இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில் போட்ட பையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடப்பது. ஒவ்வொன்றும் எட்டுத் தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு. முதல் தடவை பிசியோ ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லிக் கொடுத்தால் நல்லது, போனில் வீடியோ அனுப்பினால் போதாது. ஒரு நோட்டில் தேதியும் எடையும் அம்மா தன் கையாலேயே எழுதட்டும்.

இன்னொன்று. நீங்கள் ஊருக்குப் போகும்போது அம்மா கையிலிருந்து வாளியைப் பிடுங்காதீர்கள். பாசம்தான், தெரியும். என் மகனும் பிடுங்குவான். "விடுப்பா, நான் தூக்குறேன்" என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 22, காலை 6.15

ஆடியில் குலதெய்வம் கோயிலுக்குப் போய்ப் பத்து நாள் தங்குவார்களாம், விட்டுப்போனால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து நாளில் பெரிதாக ஒன்றும் போகாது. நான்கு வாரம் விட்டால் போகும். அந்த 90 வயதுக்காரர்களுக்கு நான்கு வாரம் நிறுத்தியதிலேயே அதிகபட்ச பலத்தில் 32 சதவீதம் இறங்கிவிட்டது. ஊரில் நாற்காலி இருக்கும்தானே? இல்லாவிட்டால் திண்ணை. பையைக் கொண்டு போக வேண்டாம், உட்கார்ந்து எழுவதை மட்டும் விடாமல் செய்யட்டும். திரும்பி வந்ததும் விட்ட எடையில் தொடங்காமல், இரண்டு கிலோ குறைத்து ஒரு வாரம் செய்துவிட்டு அப்புறம் ஏற்றச் சொல்லுங்கள்.